சைக்கிள் பின் வீலில் கம்பி அறுந்துகொண்டே இருக்கிறது: கோட்டம் எடுத்தால் போதுமா, வீலையே மாற்றணுமா?

கேள்வி:
பின் வீல், 36 ஸ்போக்ஸ் கம்பி, அலுமினிய ரிம், ரிம் பிரேக். இதுவரை மூன்று கம்பி அறுந்தாச்சு. மூன்றுமே செயின் பக்கம், ஹப்பில் (வீலின் நடுக் குடத்தில்) வளைந்து நுழையும் இடத்தில். புதுக் கம்பி போட்டுக் கோட்டம் எடுத்தாலும் (கம்பிகளை இறுக்கித் தளர்த்தி ரிம்மை நேராக்கினாலும்) நிற்கவில்லை. இப்போது 4 மி.மீ. ஆட்டம். என்ன செய்யலாம்?

பதில் 1:
ஒன்று ஒன்றாக மாற்றினால் அடுத்தது அறும். சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் தரைப்பக்கம் வரும் நேரத்தில் இழுப்பு குறைந்து, மேலே போகும்போது பழையபடி ஏறும். கம்பி தொய்வாக இருந்தால் அந்த வளைவு அசைந்து அசைந்தே சோர்ந்து அறுந்துவிடும். பாரத்தால் மட்டும் அறுகிறது என்று நினைக்காதீர்கள். செயின் பக்கக் கம்பி 18-ம் ஒரே அடிதான் வாங்கியிருக்கும், எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

அதற்கு முன் ரிம்மைப் பாருங்கள். பிரேக் கட்டை உரசும் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி வைத்தால் நடுவில் இடைவெளி தெரிகிறதா? நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சிறு திருகு) துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் உண்டா? இல்லையென்றால் எல்லாக் கம்பியையும் சமமாகத் தளர்த்திவிட்டு ரிம்மைச் சுற்றுங்கள். அப்போதும் 2, 3 மி.மீ. கோணலாக நின்றால் ரிம்மே வளைந்துவிட்டது. கம்பியை முறுக்கி அதை நேராக்கினால் ஒரு பக்கம் இறுகி இன்னொரு பக்கம் தொய்யும், மறுபடி அறுக்கும்.

கேட்டவர்:
விரிசல் இல்லை. ஆனால் ஸ்கேலுக்கு அடியில் நன்றாகக் குழிந்திருக்கிறது. தேய்மான அடையாளக் கோடும் மறைந்துவிட்டது.

பதில் 2:
அப்படியானால் ரிம் முடிந்தது, வண்டியை எடுக்காதீர்கள். டயரின் காற்று அந்தச் சுவரை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மெலிந்த சுவர் பிரேக் பிடிக்கும்போது பிளந்துவிடலாம்.

இனி ஹப்தான் தீர்மானிக்கும். திறந்து கோனையும் (ஆக்சிலில் இருக்கும், பால்ஸ் உருளும் கூம்பு) கப்பையும் (ஹப்புக்குள் பால்ஸ் உருளும் கிண்ணம்) துடைத்துப் பாருங்கள். கோனில் மட்டும் குழி என்றால் கோனும் பால்ஸும் மாற்றினால் போதும் (பின் ஹப்பில் பொதுவாகப் பக்கத்துக்கு 9, கால் அங்குலம்). கப்பில் குழி என்றால் முழு வீல் வாங்குங்கள். சாதாரண ஹப் என்றாலும் அதேதான், ரிம், கம்பி, கூலி சேர்ந்தால் முழு வீல் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வாங்கும்போது ரிம் அளவோடு (டயரில் எழுதியிருக்கும் மி.மீ. விட்டம், 622-ஆ, 559-ஆ) ஆக்சில் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள்: 126, 130, 135 மி.மீ. ஒன்றுக்கொன்று பொருந்தாது. பின் பல்சக்கரம் ஹப்பில் திருகி ஏற்றும் ப்ரீவீலா, செருகி மாட்டும் கேசட்டா என்பதையும் பாருங்கள்.

நல்ல ஹப் என்றால் புது ரிம்மும் 36 புதுக் கம்பியும் போட்டுக் கட்டலாம். செயின் பக்கக் கம்பி பெரும்பாலும் 1, 2 மி.மீ. குட்டையாக இருக்கும், இரண்டு நீளத்தையும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள்.

பதில் 1:
ஒரு சேர்க்கை. இயந்திரத்தில் கட்டிய புது வீலில் கம்பி தொய்வாக வருவது சகஜம். மாட்டுமுன் செயின் பக்கக் கம்பிகளைச் சுண்டிப் பாருங்கள், ஓசை மந்தமானவற்றைக் கால் சுற்றாக இறுக்குங்கள். பிறகு இணைக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து அழுத்திவிட்டு, மறுபடி கோட்டம் பாருங்கள்.