கொடைக்கானல் ஏத்தத்துல நாக்கிங்: 95 போடணுமா? மதுரையில எந்த பங்க் நல்லது?

அண்ணாநகர்_கார்:
2014 மாடல், 1.2 பெட்ரோல், 78,000 கி.மீ. டேங்க் மூடிக்குள்ள ஸ்டிக்கர்ல குறைந்தபட்சம் 91 ஆக்டேன்னு போட்டிருக்கு. ஊருக்குள்ள ஒரு குறையும் இல்லை. வத்தலக்குண்டு தாண்டி காட்ரோட்டுல ஏற ஆரம்பிச்சதும், நாலு பேரு, ஏசி, மூணாவது கியர்ல மிதிச்சா தகர டப்பாவுல சில்லறையைக் குலுக்குற மாதிரி சத்தம். பெருமாள்மலை பக்கம் வந்தா குறைஞ்சிடுது. பிரீமியம் போடச் சொல்றாங்க. போட்டா சரியாகுமா? எந்தக் கம்பெனி? இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) இந்த வண்டிக்கு ஆகுமா?

தெப்பக்குளம்_டர்போ:
நாக்கிங்தான், அதாவது சிலிண்டருக்குள்ள பெட்ரோல் கலவை தானா வெடிக்கிற சத்தம். மேலே போகப் போகக் குறையுதுல்ல, அதுவே சாட்சி. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் கீழே இருக்கிறதைவிட அஞ்சுல ஒரு பங்குக்கு மேல கம்மி. சிலிண்டருக்குள்ள போற காத்து குறையுது, அழுத்தமும் குறையுது. காட்ரோட்டுல காத்தும் சூடு, அழுத்தமும் முழுசு, லோடும் முழுசு.

ஆக்டேன்னா பவர் கிடையாது, தரமும் கிடையாது. பிளக் பத்த வச்ச தீ வந்து சேர்றதுக்குள்ள, ஓரத்துல இருக்கிற கலவை தானா வெடிக்காம தாக்குப் பிடிக்கிற அளவுதான் அது. 91 போதும்னு செஞ்ச இன்ஜினுக்கு அதுக்கு மேல ஊத்தினா ஒரு லாபமும் இல்லை.

இன்னொண்ணு, பலர் கவனிக்கிறதே இல்லை. இ20 கலந்த சாதா பெட்ரோலே 95 ஆக்டேன் வருதுன்னு பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்ட்ல சொல்லியிருக்கு. அப்புறம் எக்ஸ்பி95, பவர்95 மாதிரி பிரீமியம் பெட்ரோலுக்கு ஏன் கூடுதல் காசு? அதுல கலக்கிற கிளீனருக்குத்தான். அந்தக் கிளீனர் உங்களோடது மாதிரி, வால்வுக்கு முன்னாடியே பெட்ரோல் தெளிக்கிற போர்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில இன்ஜெக்டரையும் வால்வையும் சுத்தமா வைக்கும். சிலிண்டருக்குள்ளேயே நேரா தெளிக்கிற டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோல் இன்டேக் வால்வு மேல படாது, அதனால வால்வுக்குப் பலன் இல்லை. லிட்டர் 100, பிரீமியம் 108-னு வச்சுக்கிட்டா, லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கிற வண்டி 16.2 கொடுத்தாத்தான் போட்ட காசு திரும்பும். கொடுக்காது.

கீழவாசல்_ஒர்க்‌ஷாப்:
தம்பி, பெட்ரோலை மாத்துறதுக்கு முன்னாடி கியரை மாத்துங்க. ஆர்பிஎம் 2,000-க்குக் கீழ இருக்கும்போது முழுசா மிதிச்சா எந்த வண்டியிலும் நாக்கிங் வரலாம். ரெண்டாவதுக்கு இறக்கி 3,000 பக்கம் வச்சு ஏத்திப் பாருங்க.

அப்பவும் சத்தம் வந்தா பிளக்கைக் கழட்டுங்க. இளம் காப்பிக் கலர்னா நல்லது. வெள்ளை வெளேர்னு வெந்து கிடந்தா பெட்ரோல் பத்தலை, இல்லைன்னா தப்பான ஹீட் ரேஞ்ச் (சூட்டைக் கடத்துற அளவு) பிளக் போட்டிருக்கு. அந்த ஓட்டை வழியா கேமரா விட்டு பிஸ்டன் தலையைப் பாருங்க. 78,000 ஓடினதுல கார்பன் தடிச்சு உக்காந்திருந்தா கம்ப்ரஷன் ஏறும், அந்தக் கரியே கங்கு மாதிரி கனன்று பத்த வைக்கும்.

ஸ்கேனர் போட்டு லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் பாருங்க, கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்குதுன்னு காட்டும். இ20-க்கு பெட்ரோல் கூடுதலா வேணும், அதனால +4, +5 வரைக்கும் இருந்தா பயம் இல்லை. +10-ஐத் தாண்டினா பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் மூணையும் சந்தேகப்படணும். ரேடியேட்டர்ல வெறும் தண்ணி ஊத்தியிருந்தா முதல்ல கூலன்ட் மாத்துங்க.

எல்லாம் சரியா இருந்தும் சத்தம் போகலைன்னா, டேங்க் காலியாகப் போற நேரத்துல 100 ஆக்டேன் 10 லிட்டர் போட்டு, அதே ஏத்தம், அதே கியர்ல ஒரு தடவை ஓட்டுங்க. சாதா பெட்ரோலைவிட லிட்டருக்கு 50 ரூபாய்க்கு மேல கூடுதலா ஆகும், சோதனைக்கு மட்டும் போதும். அதுலயும் சத்தம் மாறலைன்னா அது நாக்கிங்கே இல்லை, சைலன்ஸர் மேல இருக்கிற ஹீட் ஷீல்டு லூஸா இருக்கும்.

சிம்மக்கல்_மணி:
கம்பெனியை விடுங்க, பங்க்கைப் பாருங்க. சென்னையிலிருந்து திருச்சி வழியா மதுரைக்குக் குழாயிலயே பெட்ரோல் வருது. டிப்போ வரைக்கும் எல்லாரோடதும் அரசு வகுத்த ஒரே பிஎஸ்6 தரம்தான். கெடுறது அதுக்கு அப்புறம். விற்பனை அதிகமா இருக்கிற பங்க்ல சரக்கு தேங்காது. சின்ன பங்க்ல பிரீமியம் வாரக்கணக்குல நிலத்தடி டேங்க்ல கிடக்கும், எத்தனால் ஈரத்தை இழுத்துக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில உஷாரா இருங்க. டேங்க்ல தண்ணி இறங்கினா எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து அடியில பிரிஞ்சு நிக்கும். போட்டு ரெண்டு, மூணு கிலோமீட்டர்ல வண்டி திக்கித் திணறி நின்னா திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாதீங்க. பில்லைப் பத்திரமா வச்சு, டேங்க்கை வடிச்சு, கண்ணாடிப் பாட்டில்ல பிடிச்சுப் பாருங்க. அடியில தனிப் படலம் தெரியும். லாரி சரக்கு இறக்குற நேரத்துல போடாதீங்க, அடி வண்டல் கலங்கும்.

கேட்டா பங்க்ல ஃபில்டர் பேப்பர் கொடுக்கணும், அது உங்க உரிமை. நாசில் நுனியைத் துடைச்சு ஒரு சொட்டு விடுங்க, ரெண்டு நிமிஷத்துல ஆவியாகணும். கருங்கறை நின்னா கலப்படம். அளவுல சந்தேகம்னா முத்திரை போட்ட 5 லிட்டர் கேன்ல பிடிக்கச் சொல்லுங்க. 25 மில்லி வரைக்கும்தான் குறையலாம்.

அண்ணாநகர்_கார்:
நன்றி அண்ணே. இ20-க்கு ரப்பர் பாகங்களை மாத்தணுமா?

கீழவாசல்_ஒர்க்‌ஷாப்:
பெட்ரோல் ஹோஸை விரலால அமுக்கிப் பாருங்க. ஊறிப்போய் மெத்துனு இருந்தாலும், வளைச்சா வெடிப்பு தெரிஞ்சாலும் மாத்திடுங்க. மேல எஸ்ஏஇ ஜே30 ஆர்9-னு (பெட்ரோல் ஹோஸுக்கான தரக் குறி) அச்சடிச்ச ஹோஸா கேட்டு வாங்குங்க. கிளிப்பும் புதுசு. இன்ஜெக்டர் ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) அதோட சேர்த்து மாத்துங்க. எத்தனால் பழைய பிசினைக் கரைச்சுக் கொண்டு வரும், அதனால ஃபில்டரை ஒரு தடவை முன்கூட்டியே பாருங்க. இ10-க்கு (10 சதவீத எத்தனால்) ட்யூன் பண்ணின கார்ல மைலேஜ் 6, 7 சதவீதம் குறையும்னு நிதி ஆயோக் 2021 அறிக்கையே சொல்லுது. 15 கொடுத்தது 14 ஆனா இன்ஜின்ல கோளாறு தேடாதீங்க.