லிஸ்பன் மேடுகளில் செக்வே: போய்வந்தவர்களின் அனுபவங்கள்

முதல் பதிவு: தூத்துக்குடியிலிருந்து

போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்துக்கு யாராவது கிளம்பினால், முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழு குன்றுகளின் நகரம் என்று அதற்குப் பெயர். தேஜு ஆற்றங்கரையில் கொஞ்ச தூரம்தான் சமதளம். அதைத் தாண்டினால் தெருக்கள் மேல்நோக்கியே போகின்றன. சில தெருக்கள் பாதியில் படிக்கட்டாகவே மாறிவிடுகின்றன. அறுபதை நெருங்கும் எனக்கு வலது முழங்காலில் தேய்மானம். அதனால் என் மகள், வழிகாட்டியுடன் போகும் செக்வே சுற்றுலாவுக்குப் பதிவு செய்திருந்தாள். இணையாக இரண்டு சக்கரங்கள், நடுவில் ஒரு பலகை, அதன் மேல் நின்றபடி ஓட்ட வேண்டும். விமான நிலையங்களிலும் பெரிய வணிக வளாகங்களிலும் காவலர்கள் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். மேடுபள்ளமான ஒரு பழைய நகரத்தில் அதை ஓட்டியதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. அந்த நகரத்தின் வரலாறு புத்தகத்தில் படித்தபோது புரிந்ததைவிட, வண்டியில் நின்றபோது என் பாதங்களுக்கு நன்றாகப் புரிந்தது.

ஆற்றைப் பார்த்திருக்கும் பிராசா து கொமெர்சியு என்ற பெரிய சதுக்கத்தில் பயிற்சி தொடங்கியது. எங்கள் வழிகாட்டி ஓர் இளம்பெண். பொறுமைசாலி, ஆனால் கண்டிப்பானவள். ஹெல்மெட்டின் வார் சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொருவரின் தாடைக்குக் கீழேயும் விரலை விட்டுப் பார்த்தாள். வண்டி எப்படி நிற்கிறது என்பதை அவள் விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே சாய்வை உணரும் கைரோஸ்கோப் உணரிகள் இருக்கின்றன. நாம் முன்னால் சாய்ந்தால், விழப்போகிறோம் என்று உணர்ந்து வண்டி சக்கரங்களை முன்னால் உருட்டி நம்மைத் தாங்கிப் பிடிக்கிறது. அப்படித் தொடர்ந்து தாங்குவதுதான் ஓட்டம். பின்னால் சாய்ந்தால் வேகம் குறையும், நிற்கும். கைப்பிடியை இடமோ வலமோ சாய்த்தால் திரும்பும். தனியாக பிரேக் கிடையாது. டீன் கேமன் என்ற அமெரிக்கர் 2001 டிசம்பரில் இதை அறிமுகப்படுத்தினார். 2020இல் இந்த வண்டியின் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். நகர மக்களின் போக்குவரத்தையே மாற்றிவிடும் என்று எதிர்பார்க்கப்பட்ட வண்டி, கடைசியில் எங்களைப் போன்ற பயணிகளுக்குத்தான் அதிகம் பயன்பட்டது.

"தரையைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்" என்பதுதான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது. இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் நடந்தவர்களுக்கு இது சுலபமாக வரும் என்று நினைக்கிறேன். உடம்பு விறைக்காமல் இருந்தால் போதும். தொடக்கநிலை அமைப்பில் வேகம் மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டரைத் தாண்டாது.

சதுக்கத்திலிருந்து வெற்றி வளைவுக்குக் கீழே புகுந்து பைஷா என்ற கீழ்நகரத்துக்குள் போனோம். அங்கே வண்டி எண்ணெய் போல வழுக்கிச் சென்றது. தெருக்கள் எல்லாம் நேர்கோடு, குறுக்குத் தெருக்கள் செங்கோணம், வீடுகள் ஒரே உயரம். காரணம் 1755 நவம்பர் 1. கிறிஸ்தவர்களின் புனிதர் அனைவர் பெருவிழா நாள், காலை வேளை, தேவாலயங்கள் நிறைந்திருந்தன, எங்கும் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. பெரும் நிலநடுக்கம் வந்தது. தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களை ஆழிப்பேரலை வாரிக்கொண்டது. நகரம் நாள்கணக்கில் எரிந்தது. 2004 டிசம்பருக்குப் பிறகு நம் கடற்கரையில் வாழ்கிற எவருக்கும் இதை மேலும் விவரிக்கத் தேவையில்லை. பிற்காலத்தில் பொம்பால் பிரபு என்று அழைக்கப்பட்ட அமைச்சர், இடிபாடுகளை அகற்றி, இராணுவப் பொறியாளர்களைக் கொண்டு கீழ்நகரத்தைக் கட்டம் போட்டு மறுபடி கட்டினார். சுவர்களுக்குள் மரச்சட்டங்களால் கூண்டு மாதிரி ஓர் அமைப்பை வைத்தார்கள். பூமி ஆடினால் அது நெகிழ்ந்துகொடுக்கும். மாதிரி அமைப்பைச் சுற்றிப் படைவீரர்களை நடைபோடச் செய்து அதிர்வைச் சோதித்தார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்பவர்கள் தெரு என்று தொழில்களின் பெயர்களே தெருக்களுக்கு வைக்கப்பட்டன.

அந்தச் சதுக்கத்தில் நான் கொஞ்சம் கூடுதலாக நின்றதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நிலநடுக்கத்துக்கு முன் அரண்மனையும், இந்திய வணிகத்தை நிர்வகித்த 'இந்திய இல்லம்' என்ற அலுவலகமும் அங்கேதான் இருந்தன. நம் மிளகும் முத்தும் கணக்கில் ஏறிய இடம். தமிழ் மொழி முதன்முதலில் அச்சில் ஏறியதும் இதே லிஸ்பனில்தான். 1554இல் ரோமன் எழுத்துகளில் தமிழும், கூடவே போர்த்துகீசிய மொழிபெயர்ப்புமாக ஒரு சமயக் கையேடு இங்கே அச்சானது. நம் எழுத்துருவில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாக 1578 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முத்துக்குளித்துறையிலிருந்து போன எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு நிறைந்தது.

பிறகு ஏற்றம். சே பேராலயத்தின் பக்கம் திரும்பியதும் வண்டியின் சுபாவமே மாறிவிட்டது. அதுவரை மென்மையாக ஓடிய மோட்டாரின் முனகல் கனத்தது. குதிகாலிலிருந்து விரல்களுக்கு எடை மாறியது. 1147இல் மூர்கள் என்ற முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து நகரைக் கைப்பற்றிய பிறகு, மசூதி இருந்த இடத்தில் எழுப்பத் தொடங்கிய பேராலயம் அது. இரண்டு கோபுரங்களோடு கோட்டை மாதிரி நிற்கிறது. அதன் முன்னால் 28ஆம் எண் டிராம், வளைவில் கிறீச்சிட்டபடி திரும்புகிறது. டிராம் தண்டவாளத்தைக் கடக்கும்போது நேர்குறுக்காகத்தான் கடக்க வேண்டும்; சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் மாட்டும். வழிகாட்டி ஒவ்வொரு தண்டவாளத்திலும் தான் முதலில் கடந்து, திரும்பி நின்று, எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள்.

லிஸ்பனின் நடைபாதைகள் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் கறுப்பு நிறக் கல்லும் சின்னச் சின்னக் கட்டைகளாகக் கையால் பதிக்கப்பட்டவை. அலை, கப்பல், பூ என்று கோலங்கள் இருக்கின்றன. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பல தலைமுறைகளின் காலடியில் தேய்ந்து பளபளக்கும் அந்தக் கல் ஈரமானால் மிகவும் வழுக்கும். மழை நாளில் போகாதீர்கள் என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

போர்ட்டாஸ் து சோல் என்ற பார்வை மேடையில் இறங்கினோம். கீழே அல்ஃபாமா பகுதியின் செந்நிற ஓட்டுக் கூரைகள், அப்பால் ஆறு. பக்கத்தில் கையில் கப்பலோடு புனித வின்சென்ட் சிலை. கப்பலும் இரண்டு அண்டங்காக்கைகளும்தான் லிஸ்பனின் சின்னம். தூரத்தில் வெள்ளைக் குவிமாடத்தோடு தேசிய நினைவாலயம். 1682இல் கட்டத் தொடங்கி 1966இல்தான் முடித்தார்கள். பாடகி அமாலியா ரொட்ரிகெஸ் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அல்ஃபாமா 1755இல் பெரும்பாலும் தப்பியது. அதனால்தான் இங்கே நேர்கோடே கிடையாது. கீழே ஒரு பிரபு வரைந்த நகரம், மேலே மக்கள் தாமாகக் கட்டிக்கொண்ட நகரம். இந்த வேறுபாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினாலும் கால் சொல்லிவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்த சந்திப்பு இதற்குப் பிறகுதான். ஒரு குறுகலான சந்தின் முனையில் வழிகாட்டி எங்கள் எல்லோரையும் இறக்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள். வாசற்படியில் ஒரு மூதாட்டி சின்ன மேசை போட்டு, வீட்டில் செய்த செர்ரி மதுவைச் சிறு கோப்பைகளில் விற்றுக்கொண்டிருந்தார். என்னைவிட மூத்தவர். என் வண்டியைத் தொட்டுப் பார்த்து வழிகாட்டியிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். அவள் மொழிபெயர்த்தாள்: "பெட்டிகளை இழுத்துக்கொண்டு வருபவர்களின் சத்தம் இரவில் தூங்கவிடுவதில்லை. உங்கள் வண்டிக்குச் சத்தமே இல்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. எனக்குக் காது சரியாகக் கேட்காது. மூலையில் திரும்பும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்."

அவருடைய பக்கத்து வீடுகள் பலவும் இப்போது பயணிகள் தங்கும் அறைகளாகிவிட்டன என்றும் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மொழி தெரியாத இரண்டு கிழவிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு திருப்பத்திலும் எங்கள் குழுவில் எல்லோருமே வேகம் குறைத்தார்கள். சொல்லிக்கொடுத்து வந்த ஒழுங்கு இல்லை, அந்த முகத்தைப் பார்த்ததால் வந்தது.

இறக்கம் பற்றி ஒரு சொல். ஏறுவதைவிட இறங்குவது கவனமாகச் செய்ய வேண்டியது. எடை முழுவதும் குதிகாலில் இருக்க வேண்டும். இறங்கும்போது மோட்டாரே வேகத்தைப் பிடித்துவைத்து, அந்த ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் அதை வாங்கிக்கொள்ள இடமில்லை; அதனால்தான் எப்போதும் முதலில் மேடு ஏற்றிவிட்டுப் பிறகு இறக்குகிறோம் என்றாள் வழிகாட்டி.

மறுமொழி: சான் பிரான்சிஸ்கோ அருகிலிருந்து

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் திருச்சியிலிருந்து வந்த என் அப்பாவை இங்கே செக்வேயில் அழைத்துப்போனது நினைவுக்கு வந்தது. இதுவும் குன்றுகளின் நகரம், இதுவும் நிலநடுக்கத்திலும் அதன் பின் வந்த தீயிலும் அழிந்து எழுந்த நகரம். 1906 ஏப்ரல் 18. குதிரைகள் மேட்டில் வண்டி இழுக்கப் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் ஆண்ட்ரூ ஹாலிடி 1873இல் கேபிள் டிராமை ஓட்டிக்காட்டினார் என்பார்கள்.

ஆனால் இந்த நகரம் செக்வேயை நடைபாதையில் ஓட்ட 2002இலேயே தடை விதித்துவிட்டது, அது கடைக்கு வருவதற்கு முன்பே. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் நடக்கும் இடத்தில் சத்தமில்லாத வண்டி வேண்டாம் என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம். உங்கள் அல்ஃபாமா மூதாட்டி சொன்னதும் அதேதான். அதனால் இங்கே சுற்றுலாக் குழுக்கள் சாலை ஓரமாகவே போகின்றன. முதல்முறை ஓட்டுபவர்களை நீர்முனையின் சமதளத்தில்தான் விடுகிறார்கள். மேடுகளுக்கு, முன்பே ஓட்டிப் பழகியவர்களை மட்டும் தனியாக அழைத்துப்போகிறார்கள். எட்டுக் கூர்மையான வளைவுகள் கொண்ட லொம்பார்டு தெருவை என் அப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது உச்சிப்பிள்ளையார் கோயில் படியைவிடச் சுலபம்தான்" என்றார். அவரை அடுத்த முறை மேட்டுக் குழுவில் சேர்க்கப்போகிறேன்.

மறுமொழி: ஜெர்மனியிலிருந்து

ப்ராக் நகரத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். பழைய நகர மையத்தில் செக்வேக்கு 2016இல் தடை வந்தது. குறுகிய கல் தெருக்களில் கூட்டம் கூட்டமாக ஓட்டி நடப்பவர்களை இடித்ததுதான் காரணம். நான் தடைக்கு முன் அங்கே ஓட்டியிருக்கிறேன். பயிற்சி என்ற பெயரில் இரண்டு நிமிடம் நிற்கவைத்துவிட்டு நேராகக் கூட்டத்துக்குள் விட்டார்கள். எனக்கு முன்னால் போனவர் ஒரு குழந்தை வண்டியை உரசினார். தாய் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. லிஸ்பன் வழிகாட்டி போல இறக்கித் தள்ளச் சொல்பவர்கள் இருந்திருந்தால் அந்த நகரம் தடைவரை போயிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். கோட்டைக் குன்றையும் பெட்ரின் குன்றையும் இப்போது நடந்தும் டிராமிலும்தான் பார்க்கிறேன்.

மறுமொழி: கோயம்புத்தூரிலிருந்து

அக்கா, அடுத்த கோடையில் கணவரோடு லிஸ்பன் போகிறோம். அவருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. எடையும் கொஞ்சம் அதிகம். செக்வே ஓட்டலாமா?

முதல் பதிவரின் பதில்

அம்மா, அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம். முழங்காலைவிட இடுப்புக்குத்தான் இதில் வேலை அதிகம். நிற்கும் நேரமெல்லாம் அது சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருக்கிறது. எடைக்கும் வரம்பு உண்டு: ஏறத்தாழ 45 முதல் 118 கிலோ வரை. 45க்குக் கீழே இருந்தால் சாய்வதற்கு வண்டி சரியாக இணங்காது, அதனால் சிறுவர்களையும் ஏற்றுவதில்லை. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

அவர் ஓட்ட முடியாவிட்டாலும் குன்றை விட்டுவிட வேண்டியதில்லை. பிராசா த ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737ஆம் எண் பஸ் சாவ் ஜோர்ஜ் கோட்டை வாசல் வரை போகிறது. 28ஆம் எண் டிராமில் காலையில் சீக்கிரம் ஏறினால்தான் உட்கார இடம் கிடைக்கும். பையைப் பத்திரமாக முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். கீழ்நகரத்திலிருந்து கார்மோ பக்கம் ஏற 1902இல் திறந்த இரும்பு லிஃப்ட் இருக்கிறது, உயரம் 45 மீட்டர். மேலே 1755இல் கூரை இழந்த கார்மோ மடாலயத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். வெறும் வளைவுகளுக்கு மேலே வானம் தெரியும். மடாலயத்துக்கு முன்னால் உள்ள கார்மோ சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார ஆட்சியின் கடைசிப் பிரதமர் சரணடைந்தார்.

1885 முதல் ஓடிய குளோரியா கயிற்று ரயிலில் 2025 செப்டம்பரில் நடந்த விபத்தில் 16 பேர் இறந்தார்கள். அதனால் கயிற்று ரயில்களும் அந்த லிஃப்டும் ஓடுகின்றனவா என்று போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். அல்ஃபாமாவுக்குள் போனால் பெட்டியை இழுக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். வாசலில் மேசை போட்டிருக்கும் பாட்டிகளிடம் ஒரு கோப்பையாவது வாங்குங்கள். மது குடிக்காதவராக இருந்தால் காசைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வாருங்கள்.