வேட்பாளர் டெல்லியில முடிவு. கிளைத் தீர்மானம் எதுக்கு?

கேள்வி: குமரி மாவட்டத்து விளவங்கோடு, கிள்ளியூர் தொகுதிகள்ல தேசியக் கட்சிக்குச் சுவரெழுதுறது, சாவடியில உக்காருறது எல்லாம் நம்ம ஆளுங்க. வேட்பாளர் பேரு மட்டும் கடைசி நேரம் டெல்லியில இருந்து வருது. வேதனையா இருக்கு. வேட்பாளர் பத்தி எங்க கிளை போடுற தீர்மானத்தை எப்படி அனுப்பினா எடுபடும்?

பதில் 1: அண்ணாச்சி, வேட்பாளருக்குக் கட்சிச் சின்னம் கிடைக்க, கட்சி கொடுக்கிற படிவம் ஏ, பி ரெண்டும் மனுத்தாக்கல் கடைசி நாள் மதியம் 3 மணிக்குள்ள தேர்தல் அதிகாரி கையில இருக்கணும். ஏ-யில தலைமை யாரைக் குறிச்சிருக்கோ அவரு பி-யில மையால கையெழுத்துப் போடணும், நகல் செல்லாது. அதனால மாவட்டத் தலைவரை நெருக்கிப் பயனில்ல. தீர்மானத்தைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்னாலயே தலைமைக்கு அனுப்புங்க.

பதில் 2: வாட்ஸ்அப்ல போட்டா அடியில போயிரும். தீர்மானத்தைக் கிளையோட மினிட் புத்தகத்துல தேதி, சாவடி எண், கையெழுத்தோட எழுதுங்க. நகல் ஸ்பீடு போஸ்ட்ல. மனக்குறையை மட்டும் எழுதாதீங்க. தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20-ல சாவடிவாரி ஓட்டு இருக்கு, அதைச் சேருங்க.

பதில் 3: சுயேச்சையா நிக்கணும்னா அதே தொகுதி வாக்காளர் 10 பேர் முன்மொழியணும். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய்.