ஓரிகன் 1908 செனட் தேர்தல்: என்ன சொல் வைப்பது?

> "பரிந்துரை வாக்கெடுப்பு" போதுமே. மக்கள் சொன்னார்கள், சட்டமன்றம் கேட்டது.

ஐயா, வணக்கம். ஓரிகன் என்ற அமெரிக்க மாநிலத்தில் 1908இல் செனட்டருக்காக (தேசிய நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினருக்காக) மக்கள் வாக்களித்த தேர்தலுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதானே நம் கேள்வி. நானும் முதலில் அதையேதான் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தேர்தலுக்கு வழிசெய்த ஓரிகன் சட்டத்தின் வாசகத்தைப் படித்ததும் அடித்துவிட்டேன்.

செனட்டரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வகைசெய்த அரசியலமைப்பின் 17ஆம் திருத்தம் 1913இல் வரும்வரை அமெரிக்காவில் செனட்டரைத் தேர்ந்தெடுத்தவை மாநிலச் சட்டமன்றங்கள். அங்கே இழுபறி வந்தால் இடம் காலியாகவே கிடக்கும். டெலவேர் மாநிலத்துக்கு 1901 முதல் 1903 வரை ஒரு செனட்டர்கூட இல்லை. ஓரிகனிலும் 1897இல் சட்டமன்றத்தின் கீழவை அமையவே முடியாமல் போய் ஓர் இடம் ஆளின்றிக் கிடந்தது. பொறுத்துப் பார்த்த ஓரிகன் மக்கள் 1904இல் தாங்களே வாக்களித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்.

அதன்படி சட்டமன்ற வேட்பாளர் இரண்டு வாசகங்களில் ஒன்றில் கையெழுத்திடலாம். முதலாவது: கட்சி எதுவானாலும், செனட்டுக்கான மக்கள் வாக்கில் முந்தியவருக்கே என் வாக்கு. இரண்டாவது: மக்கள் வாக்கு எனக்கு வெறும் பரிந்துரை, அதை முழுதாக ஒதுக்கவும் எனக்கு உரிமை உண்டு.

பார்த்தீர்களா? "பரிந்துரை" என்பது கட்டுப்பட மறுத்தவர்களுக்கென்று அந்தச் சட்டமே ஒதுக்கிய சொல். அதையே தேர்தலுக்குப் பெயராக வைத்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

1908 ஜூனில் முந்தியவர் ஜனநாயகக் கட்சியின் ஜார்ஜ் சேம்பர்லின். 1909 ஜனவரியில் கூடிய 90 பேர் சட்டமன்றத்திலோ குடியரசுக் கட்சிக்கே பெரும்பான்மை. ஆனாலும் சேம்பர்லினைத்தான் வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். முதல் வாசகத்தில் போட்ட கையெழுத்து கட்சியைவிடப் பெரிதாக நின்றது. எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கிறது.

> "விருப்ப வாக்கு" என்றால்?

இலங்கை வாசகர்கள் குழம்புவார்கள். அங்கே விருப்பு வாக்கு என்பது கட்சிப் பட்டியலில் வேட்பாளரின் எண்ணுக்கு இடுவது. "முதனிலைத் தேர்தல்" என்றும் சொல்ல முடியாது; அது கட்சிக்குள் வேட்பாளரைத் தெரிவது. அது இதற்கு முந்திய படி.

என் முன்மொழிவு: சொற்பிணைத் தேர்தல். ஒருவருக்காகப் பிணை நிற்பதுபோல, உறுப்பினர் தம் சொல்லைப் பிணையாக வைக்கிறார். "உறுதிமொழித் தேர்தல்" எளிது என்பது உண்மை. ஆனால் உறுதிமொழி என்றதும் பதவியேற்பு மேடைதான் கண்முன் வருகிறது.

> பிணை என்றால் ஜாமீன்தானே நினைவுக்கு வரும்?

தனியே நின்றால் வரும். "சொல்" முன்னால் ஒட்டியபின் வராது என்று நம்புகிறேன். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "1908இல் ஓரிகன் தன் செனட்டரைச் சொற்பிணைத் தேர்தலில் தெரிந்தெடுத்தது." காதுக்கு உறுத்துகிறதா, சொல்லுங்கள்.