நானோ மெம்பரேன் வந்தால் திருப்பூர் சாயக்கழிவுப் பிரச்சினை தீருமா?

படலம்_ஆய்வு:
சாயக்கழிவுக்கான பொது சுத்திகரிப்பு நிலையங்களில் யாரிடம் கேட்டாலும், தண்ணீரை வடிகட்டும் மெல்லிய படலமான மெம்பரேன் அடைத்துக்கொள்கிறது என்பதுதான் முதல் புகார். அப்படியிருக்க, நானோ துகள் கலந்த பாலிமர் மெம்பரேனை ஏன் இங்கே யாரும் முயன்று பார்ப்பதில்லை? 2007இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் ஹோக் குழுவினர், அழுத்தம் கொடுத்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மெம்பரேனின் பாலிஅமைடு என்ற பாலிமர் படலத்துக்குள் ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் நானோ துகள்களைச் சேர்த்துக் காட்டினார்கள். உப்பைத் தடுக்கும் திறன் குறையாமலே தண்ணீர் அதிகமாகக் கடந்தது. அந்த ஆய்விலிருந்து வளர்ந்த நானோஎச்டூஓ நிறுவனத்தை 2014இல் எல்ஜி கெம் வாங்கியது. ஆக, இது ஆய்வகத்தோடு நின்றுபோன சரக்கு இல்லை.

ஷிப்ட்_ஆபரேட்டர்:
தம்பி, அது கடல்நீரைக் குடிநீராக்க வந்த மெம்பரேன். அங்கே மிச்ச உப்புநீரைத் திரும்பக் கடலில் விட்டுவிடலாம். எங்களுக்கு ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது. எங்கள் கழுத்தைப் பிடிப்பது உப்பு. லிட்டருக்கு 35 கிராம் சாதா உப்பு இருந்தாலே ஊடுபரவல் அழுத்தம், அதாவது உப்புநீர் தண்ணீரை விடாமல் பிடித்து இழுக்கும் அழுத்தம், 27 பார் பக்கம் வரும். அதையே 70 கிராமுக்குச் செறிவாக்கினால் 55 பாரைத் தாண்டும். பம்ப் முதலில் அதை ஜெயித்தாக வேண்டும். மெம்பரேனில் எந்தத் துகளைச் சேர்த்தாலும் இந்த அழுத்தம் ஒரு பார்கூடக் குறையாது. அதற்குமேல் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் ஈவாப்பரேட்டர்தான். ஒரு டன் தண்ணீரை ஆவியாக்க, மின்சாரக் கணக்கில் சொன்னால் 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைப் பல கட்டமாகத் திரும்பப் பயன்படுத்தினாலும் பாய்லர் விறகைத் தின்றுகொண்டேதான் இருக்கும். செலவு அங்கேதான் போகிறது.

படலம்_ஆய்வு:
அண்ணா, அழுத்தக் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. நான் கேட்பது ஆர்.ஓ.வுக்கு முன்னால் நுண்ணிய அழுக்கை வடிகட்டும் அல்ட்ராஃபில்ட்ரேஷன் மெம்பரேனைப் பற்றி. அதைச் செய்யப் பயன்படும் பி.வி.டி.எஃப். என்ற பாலிமர் இயல்பிலேயே தண்ணீரை ஒதுக்கும். அதனால்தான் துணியை மென்மையாக்கப் போடும் சாஃப்ட்னர், எண்ணெய்ப் பிசுக்கு, உடைந்த சாயம் எல்லாம் அதில் போய் ஒட்டுகின்றன. டைட்டானியம் டைஆக்சைடு துகளைச் சரியான அளவில் கலந்தால் மேற்பரப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அழுக்கு ஒட்டுவது குறையும். ஆர்.ஓ.வுக்குள் போகும் தண்ணீரும் தெளிவாக இருக்கும்.

ஷிப்ட்_ஆபரேட்டர்:
சரி, நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். ஆர்.ஓ. குழாயைத் திறந்து, உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் எலிமென்ட்டுகளை, அதாவது மெம்பரேன் சுருள்களை, வரிசையாக உருவினால், முதல் எலிமென்ட்டின் முகப்பில் பழுப்பாகக் கொழகொழவென்று படிந்திருக்கும். விரலால் வழித்தால் வழுக்கும், நாற்றமடிக்கும். அது நுண்ணுயிரும் கரிமப் பொருளும் சேர்ந்தது. கடைசி எலிமென்ட்டில் கொழகொழப்பு இருக்காது, ஆனால் தூக்கினால் கனக்கும். சிலிக்காவும் கால்சியமும் கல்லாகப் படிந்திருக்கும். நீங்கள் சொல்வது முதல் எலிமென்ட்டைக் காப்பாற்றலாம். கடைசி எலிமென்ட்டுக்கு என்ன வழி?

பட்டறைக்காரர்:
இருவரும் குழாயின் கடைசி முனையிலேயே நின்று பேசுகிறீர்கள். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கு நாங்கள் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் உப்புப் போடுகிறோம். அடர் நிறம் என்றால் இன்னும் கூடும். அவ்வளவும் கழிவில்தான் வருகிறது. சாயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்பை மட்டும் விடும் நானோஃபில்ட்ரேஷன் நன்றாக வேலை செய்தால், அந்த உப்புநீரையே அடுத்த சாயத்தொட்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். அருள்புரம் நிலையத்தில் உப்புநீரை மறுபடி பயன்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். ஆய்வு செய்பவர்கள் அந்த இடத்தில் கை வைத்தால் எங்களுக்கு உண்மையிலேயே பிரயோஜனம்.

நொய்யல்_கரை:
நான் ஆற்றுக்குக் கீழே விவசாயம் பார்க்கிறவன். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். விவசாயிகள் வழக்கு நடத்தி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. ஆகவே என் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லுங்கள். வெள்ளி, டைட்டானியம் என்று துகளைக் கலக்கிறீர்களே, அது மெம்பரேனிலேயே கடைசிவரை இருக்குமா? காஸ்டிக் சோடா, ஹைப்போ என்கிற குளோரின் கரைசல் போட்டுக் கழுவும்போது உதிராதா? உதிர்ந்ததை யார் அளப்பது? இப்போதே கழிவை ஆவியாக்கியபின் மிஞ்சும், யாரும் வாங்காத கலப்பு உப்பு கொட்டகைகளில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதில் இதுவும் சேர்ந்தால்?

படலம்_ஆய்வு:
கேட்க வேண்டிய கேள்விதான் ஐயா. வெள்ளி கரையும், கிருமியைக் கொல்வதே அப்படிக் கரையும் அயனிதான். அதனால் இங்கே வெள்ளி வேண்டாம் என்பதே என் நிலை. டைட்டானியம் டைஆக்சைடு கரைவதில்லை. ஆனால் பாலிமரோடு சரியாகப் பிணையாவிட்டால் துகள் கழன்று வரலாம். அளவு கூடினால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, மெம்பரேனில் பலவீனமான இடங்களை உண்டாக்கும். கழுவும் நீரையும் அளந்தால்தான் எந்தச் சோதனைக்கும் மதிப்பு.

ஷிப்ட்_ஆபரேட்டர்:
இன்னொன்று. வெளிச்சம் பட்டால் டைட்டானியம் தானே அழுக்கைச் சிதைக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். மூடிய குழாய்க்குள் ஏது வெளிச்சம்? அப்படியே புற ஊதா விளக்கைப் போட்டாலும் அழுக்கோடு பாலிமரும் சிதையும். இதைச் சொல்லாமல் விற்க வருபவர்களை நான் உள்ளேயே விடமாட்டேன்.

படலம்_ஆய்வு:
அந்த விளம்பரத்தை நானும் ஏற்கவில்லை. எனக்கு வேண்டியது உங்கள் நிலையத்தில் ஒரு சிறிய பக்க இணைப்பு. ஆய்வகத்தில் கலக்கிய சாயத்தண்ணீர் வேண்டாம், நிஜக் கழிவுநீர் வேண்டும். சாதா மெம்பரேனும் நானோ மெம்பரேனும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே தண்ணீரில், ஒரே மாதிரிக் கழுவலில் ஓடட்டும்.

ஷிப்ட்_ஆபரேட்டர்:
மழைக்காலமும் கோடையும் சேர்த்து ஓட்டுவதென்றால் நிர்வாகத்திடம் நானே பேசுகிறேன். இரண்டு வாரம் ஓட்டி வரைபடம் போட்டுக்கொண்டு கிளம்புவதென்றால் வேண்டாம்.

நொய்யல்_கரை:
சோதனையில் வெளிவரும் தண்ணீர் எங்கே போகும்?

ஷிப்ட்_ஆபரேட்டர்:
கழுவிய நீர் தனித்தொட்டிக்கு. டைட்டானியம் அளந்து முடிவு வரும்வரை அது அங்கேதான் நிற்கும். மற்றதெல்லாம் திரும்ப நுழைவுத்தொட்டிக்கே.

நொய்யல்_கரை:
அந்த முடிவு எங்கள் ஊர்க்காரர்கள் கைக்கும் வர வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.