மரத்தூள் பை அவிக்கும் பரல்: மூடியை இறுக்கலாமா, எத்தனை மணி நேரம் அவிக்க வேண்டும்?

கோப்பாய்த் தோட்டம்:

வணக்கம். வீட்டுக் கோடியில் கிடுகால் வேய்ந்த கொட்டில் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகச் சிப்பிக் காளான் வளர்த்து வருகிறேன். மரக்காலையில் வாங்கும் மாமரத்தூள் 10 கிலோவுக்குத் தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், சோயா மா 100 கிராம், எப்சம் உப்பு 20 கிராம் என்ற கணக்கில் கலந்து, ஒரு கிலோ கொள்ளும் பொலிப்புரொப்பிலீன் பைகளில் அடைத்து, கழுத்துக்கு வளையமும் பஞ்சும் வைத்து, தார்ப் பரலுக்குள் (தார் வந்த தகரப் பீப்பாய்) அடுக்கி விறகடுப்பில் அவிப்பதே என் முறை. பரலின் அடியில் கற்களை வைத்து, அவற்றின் மேல் பலகை போட்டுத் தண்ணீர் ஊற்றி, மூடியின் ஓரத்தால் ஆவி வரத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் எரிப்பேன்.

பங்குனி வரை பெரிய குறை இருக்கவில்லை. சித்திரையில் அவித்த 45 பைகளில் 19 பைகளைச் செம்மஞ்சள் நிறப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. விறகுடன் மாரடிக்காமல், மின்சாரத்தில் இயங்கும் பரல் ஒன்றைப் புதிதாகச் செய்விக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். 210 லீற்றர் பரலின் அடியில் 3 கிலோவாட் மின்சூடாக்கி ஒன்று, அதற்கு மேல் கம்பித் தட்டு, மூடிக்கு றப்பர் வளையமும் இறுக்கும் பட்டியும், மூடியின் மேல் அமுக்கமானி ஒன்று: இதுதான் திட்டம். மூடியை இறுக்கினால் சூடு கூடி வேலை விரைவாக முடியும் என்று பட்டறையில் சொன்னார்கள். காளானுக்கு 80 பாகை போதும் என்று வேறொருவர் சொன்னார். எதை நம்புவது? ஒரு மின்சூடாக்கி போதுமா? எத்தனை மணி நேரம் அவிக்க வேண்டும்?

தென்மராட்சிப் பட்டறை:

சகோதரி, முதலில் மூடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவை பிழைத்தால் பைகள்தான் போகும், இது பிழைத்தால் ஆளே போய்விடும். பரலின் வாய் ஏறத்தாழ 57 சென்ரிமீற்றர் விட்டம் கொண்டது. உள்ளே சதுர அங்குலத்துக்கு 1 இறாத்தல் அமுக்கம் ஏறினாலே மூடியின் மேல் ஏறத்தாழ 180 கிலோ எடைக்குச் சமமான உந்துதல் விழும். அவ்வளவு ஆபத்தை ஏற்று உங்களுக்குக் கிடைக்கும் இலாபம் 100 பாகைக்கு மேல் இரண்டு பாகை மட்டுமே. வைத்தியசாலைகளில் உள்ள கருவிகளைப் போல 121 பாகை வேண்டுமானால் 15 இறாத்தல் அமுக்கம் வேண்டும். அப்போது அதே மூடியை 2.7 தொன் உந்தும். பட்டியும் றப்பரும் கொண்ட மெல்லிய தகரப் பரல் அதற்குச் செய்யப்பட்டதன்று. எனவே றப்பர் வளையத்தையும் அமுக்கமானியையும் விட்டுவிடுங்கள். நீத்துப்பெட்டியில் புட்டு அவிக்கும்போது ஆவி மாவுக்குள்ளால் ஏறி வெளியே போய்க்கொண்டே இருக்கிறதல்லவா, அதுவே உங்கள் பரலுக்கும் வேண்டியது. மூடி தன் பாரத்தில் இருக்கட்டும். அதில் அரை அங்குலக் குழாய் ஒன்று எப்போதும் திறந்திருக்க, அதன் வழியே ஆவி வருவதைக் கண்ணால் காண வேண்டும்.

இனிச் சூட்டுக் கணக்கு. 45 கிலோ ஈரமான தூளையும் 30 லீற்றர் தண்ணீரையும் 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு ஏற்றுவதற்குச் சுமார் 5 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் சூடாக்கிக்கு அது இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த வேலைதான். ஆனால் வெறும் பரலின் பக்கங்கள் 100 பாகையில் இருக்கும்போது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவாட்டை வெளிக்காற்றுக்கு இறைத்துக்கொண்டிருக்கும். சோளகம் வீசும் வைகாசி, ஆனி மாதங்களில் திறந்த வெளியில் வைத்தால் இன்னும் கூடும். அதாவது நீங்கள் கட்டணம் செலுத்தும் மின்சாரத்தில் பாதி கோப்பாய்க் காற்றைச் சூடாக்கப் போகிறது. ஆகையால் இரண்டாவது சூடாக்கியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், பரலைச் சுற்றி நான்கு அங்குல இடைவெளி விட்டுத் தகரம் ஒன்றை வளைத்து, இடையில் காய்ந்த உமியை நிரப்புங்கள். விறகடுப்பென்றால் உமி தீப்பிடிக்கும், மின்சாரமென்றால் கவலையில்லை. மூடிக்கு இரண்டு சாக்குகள் போதும்.

3 கிலோவாட்டில் ஒன்றைப் பூட்டுவதை விட 1.5 கிலோவாட்டில் இரண்டைத் தனித்தனிச் சுவிச்சுடன் பூட்டுவதே நல்லது என்பது என் எண்ணம். சூடேறும் வரை இரண்டையும் போட்டு, பிறகு ஒன்றை நிறுத்திவிடலாம். 3 கிலோவாட்டையும் தொடர்ந்து விட்டால் மணிக்கு நாலரை லீற்றர் வரை தண்ணீர் ஆவியாகும். பரலில் 30 லீற்றர் என்பது 12 சென்ரிமீற்றர் உயரந்தான். சூடாக்கி 5 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், அதற்கு மேல் உள்ள 17 லீற்றர் நாலு மணி நேரத்துக்குள் வற்றி, சூடாக்கி வெளியே தெரிந்து எரிந்துவிடும். நான் ஒரு தடவை அப்படி எரித்திருக்கிறேன், கூடவே மேலிருந்த பைகளும் பொசுங்கிப் போயின. 3 கிலோவாட் என்பது 230 வோல்ற்றில் 13 அம்பியர், சாதாரணப் பிளக்கின் விளிம்பளவு. மணிக்கணக்காக ஓடினால் பிளக் இளகும். தனி வயர் இழுத்து, பரலின் உடலுக்கு எர்த் கொடுத்து, ட்றிப் சுவிச்சைச் சோதித்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

இன்னொன்று: நமது கிணற்றுத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு சூடாக்கியில் கேத்தலில் படிவது போலவே படியும். ஒவ்வொரு முறையும் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ விட்டுக் கழுவ வேண்டும், அல்லது மாரியில் பிடித்து வைத்த மழைநீரை ஊற்ற வேண்டும்.

கிளிநொச்சி வயல்:

மரத்தூளை விட்டு வைக்கோலுக்கு மாறினால் இந்தப் பரல், மின்சாரம் எதுவுமே தேவையில்லை. மூன்று நான்கு சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டிய வைக்கோலை நீற்றிய சுண்ணாம்புத் தண்ணீரில் 12 முதல் 18 மணி நேரம் அமிழ்த்தி வைத்து, வடித்து, பிழிந்தால் ஒன்றிரண்டு துளி மட்டும் விழும் பதத்துக்கு வந்ததும் காளான் வித்திடலாம். லீற்றருக்கு இரண்டு கிராமுக்குச் சற்றுக் கூட இருந்தால் போதும், ஏனென்றால் அதற்கு மேல் சுண்ணாம்பு கரையாது, அடியில் தங்கிவிடும். மகனீசியம் கூடிய சுண்ணாம்பு ஆகாது. கையுறை போடாமல் கை வைத்தால் தோல் உரியும். சுடுநீரில் செய்ய விரும்பினால் 65 முதல் 75 பாகையில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். உங்களுக்கு 80 பாகை போதும் என்று சொன்னவர் வைக்கோலை நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

வாடைக்காலம்:

மேலே உள்ளவர் சொன்னதில் ஒரு திருத்தம் அல்ல, ஓர் எல்லை: சுண்ணாம்பு முறை தவிடு சேர்த்த மரத்தூளுக்கு உதவாது. வைக்கோலை 70 பாகையில் வைக்கும்போது எல்லா உயிர்களும் சாவதில்லை. சூட்டை விரும்பும் சில பற்றீரியாக்கள் எஞ்சி, பச்சைப் பூஞ்சணத்துக்கு இடங்கொடாமல் காவல் இருக்கும். அதனால்தான் வைக்கோலை அளவுக்கு மீறிக் கொதிக்கவைத்துவிட்டுத் திறந்த வெளியில் வித்திட்டால் பூஞ்சணம் இன்னும் மோசமாகப் பிடிக்கிறது. தவிடும் சோயாவும் சேர்த்த தூளோ எல்லாப் பூஞ்சணங்களுக்கும் விருந்து, அதற்குக் காவல் போதாது. உள்ளே இருப்பவற்றை இயன்றவரை ஒழித்து, வாயை அடைத்து வைப்பதுதான் வழி. அமுக்கமில்லாத ஆவியில் 100 பாகையை ஒட்டி ஆறு முதல் எட்டு மணி நேரம் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையளவில் கொதித்துவிடும், ஆகவே அங்குள்ளவர்கள் இதைவிடக் கூடுதலாக அவிக்க வேண்டும். கடல்மட்டத்தில் இருக்கும் நமக்கு அந்தக் குறை இல்லை.

அண்ணா பரலைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். ஆனால் புதிய பரலுக்குக் காசைக் கொட்டுவதற்கு முன்னர் சகோதரியிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த 19 பைகளிலும் செம்மஞ்சள் பூஞ்சணம் முதலில் எங்கே தெரிந்தது? கழுத்திலா, பையின் நடுவிலா?

கோப்பாய்த் தோட்டம்:

யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலான பைகளில் கழுத்தில்தான். பஞ்சின் மேல் மஞ்சள் பொடி தூவியது போல் இருந்தது, மறுநாள் கொத்துக் கொத்தாக வெளியே தள்ளியது. நாலைந்து பைகளில் மட்டும் தூளின் உள்ளேயும் தெரிந்தது. அது வேறு வகையா?

வாடைக்காலம்:

அதே வகைதான், ஆனால் வந்த வழி வேறு. கழுத்தில் தொடங்கியிருந்தால் குற்றவாளி நனைந்த பஞ்சு. உங்கள் மூடி தட்டையானது. அதன் உட்புறத்தில் ஆவி குளிர்ந்து துளியாகித் திரண்டு, நேரே மேலடுக்குப் பைகளின் பஞ்சில் சொட்டுகிறது. உலர்ந்த பஞ்சு காற்றை வடிக்கும். ஈரப் பஞ்சோ பூஞ்சணத்துக்குப் பாலம். செம்மஞ்சள் பூஞ்சணம் இரண்டொரு நாளில் அந்தப் பாலத்தைக் கடந்துவிடும். சித்திரைப் புழுக்கம் அதற்கு மிகவும் உவப்பானது. ஒவ்வொரு பஞ்சின் மேலும் இரண்டு மடிப்புப் பத்திரிகைத் தாளை வைத்து றப்பர் வளையம் போடுங்கள். மேலடுக்கின் மேல் ஒரு சாக்கை விரியுங்கள். மூடியைக் கூம்பாக அடிப்பித்தால் துளிகள் ஓரத்தால் வடியும், பட்டறை அண்ணாவுக்கு அது அரை நாள் வேலை. தீயை அணைத்ததும் மூடியைத் திறக்க வேண்டாம். பரல் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். ஆவிக் குழாயின் வாயில் கொஞ்சம் பஞ்சைத் தளர்வாக வைத்து, விடியும் வரை விட்டுவிடுங்கள். பைகள் 30 பாகைக்குக் கீழே வந்த பிறகுதான் வித்து.

உள்ளே தெரிந்த நாலைந்து பைகள் வேறு கதை. அவை போதிய அளவு வேகவில்லை. இந்தப் பூஞ்சணத்தின் வித்திகளில் ஒரு வகை 60 பாகையில் சாவதற்குப் பதிலாக உறக்கம் கலைந்து முளைக்கும். ஆகவே அரைகுறையாக அவிப்பது அதைத் தட்டி எழுப்புவதற்குச் சமம். ஆவி வெளியே தெரிந்த நேரத்திலிருந்து எண்ணுகிறீர்கள். ஆனால் எண்ண வேண்டியது நடுப்பையின் நெஞ்சு சூடான நேரத்திலிருந்து. நீளமான கம்பி முனை கொண்ட வெப்பமானி ஒன்றை வாங்கி, பரலின் நடுவில் உள்ள ஒரு பையின் மையம் வரை குத்தி, வயரை மூடியின் ஓரத்தால் வெளியே எடுத்துப் பாருங்கள். அந்தப் பையை வித்திடாமல் எறிந்துவிடலாம்.

பூஞ்சணம் பிடித்த பைகளைக் கொட்டிலுக்குள் திறக்க வேண்டாம். ஈரமான உரப்பையால் மூடி, அப்படியே தூக்கிக்கொண்டுபோய்த் தூரத்தில் புதையுங்கள்.

தென்மராட்சிப் பட்டறை:

கூம்பு மூடிக்கு என்னிடம் வரத் தேவையில்லை, எந்தப் பட்டறையிலும் அடிப்பார்கள். பழைய பரலையே பாவிப்பதானால் அது முன்னர் பூச்சிகொல்லி இருந்த பரலா என்பதை மட்டும் உறுதிப்படுத்துங்கள். தார் எரிந்து போகும், மருந்து போகாது.

கோப்பாய்த் தோட்டம்:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். மின்சாரப் பரலை இன்னும் செய்விக்கவில்லை. பழைய தார்ப் பரலிலேயே, ஊமலும் பனைமட்டையும் எரித்து, வெப்பமானியைக் குத்திப் பார்த்தேன். அடுப்பு மூட்டி 55 நிமிடத்தில் மூடியின் ஓரத்தால் ஆவி வந்தது. அந்த நேரத்தில் நடுப்பையின் உள்ளே 43 பாகைதான். அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து, அதாவது நான் வழக்கமாக நெருப்பை இழுத்துவிடும் நேரத்தில், 81 பாகை. 95 பாகையைத் தொடுவதற்கு ஆவி வந்ததிலிருந்து மூன்று மணி பத்து நிமிடம் சென்றது. இரண்டு ஆண்டுகளாக அவித்ததாக நினைத்துப் பைகளை வெதுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

95 பாகைக்குப் பிறகு ஆறு மணி நேரம் எரித்தேன். இடையில் இரண்டு தடவை கொதிநீர் ஊற்ற வேண்டியிருந்தது. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி நின்று வெப்பமானி இறங்குவதை முதல் தடவையிலேயே கண்டுகொண்டேன். பஞ்சுக்குத் தாள் கட்டி, மேலே சாக்கு விரித்து, மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் திறந்தேன். வெப்பமானி குத்திய பையை நீக்கி 44 பைகளுக்கு வித்திட்டதில் மூன்று பைகள் மட்டும் பழுதாகின. இரண்டில் தாள் கிழிந்து பஞ்சு நனைந்திருந்தது. மூன்றாவதில் கழுத்து நன்றாகவே இருந்தது, ஆனால் பையின் அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்றும், அதைச் சுற்றி மட்டும் ஒரு ரூபாய்க் குற்றி அளவு செம்மஞ்சள் வட்டமும் இருந்தன. தூளில் கிடந்த மரச்சிராய் குத்தியிருக்கிறது. இனித் தூளை அரித்துத்தான் பையில் அடைக்க வேண்டும்.