எழுதச் சொன்னால் மேசையைத் தள்ளும் பிள்ளை: எங்கே தொடங்குவது?

கேள்வி: மகனுக்கு 6 வயது, ஆட்டிசம். எழுதச் சொன்னாலே மேசையைத் தள்ளிவிடுகிறான். பிஹேவியர் தெரபி (நடத்தைப் பயிற்சி), சிறப்புக் கல்வி இரண்டும் வேண்டும் என்கிறார்கள். முதலில் எது?

பதில் 1: தெரபிஸ்டைப் பார்க்கும் முன் 2 வாரம் நோட்டில் குறிச்சு வைங்க: சற்று முன் என்ன நடந்தது, என்ன செய்தான், உடனே என்ன கிடைத்தது. தள்ளியதும் எழுத்து வேலை நிற்கிறதென்றால், அது அவன் தப்பிக்கும் வழி. தண்டித்துப் பயனில்லை. "ஓய்வு வேணும்" அட்டையைக் காட்டப் பழக்குங்க. காட்டிய உடனே 2 நிமிடம் ஓய்வு கொடுக்கணும். தாமதமானால் மேசைதான் வேகமான வழின்னு அதற்கே திரும்பிடுவான்.

பதில் 2: பழைய வழி பலிக்காதபோது சில நாள் தள்ளுவது கூடலாம். பயந்து அப்போ விட்டுக்கொடுத்தால் இன்னும் வேரூன்றும். பார்வை, கேட்கும் திறன், பென்சில் பிடிக்கும் விரல் பலம் மூன்றையும் சோதிச்சீங்களா? எழுதுவதே வலியா இருக்கலாம், பாவம்.

பதில் 3: பிள்ளைக்கு என்ன உதவி வேணும்னு மதிப்பிடச் சொல்லிப் பள்ளிக்குத் தேதியோடு எழுதிக் கொடுங்க, நகல் வச்சுக்கோங்க. தனிநபர் கல்வித் திட்டத்தில் (அவனுக்கென்றே இலக்குகளோடு எழுதும் திட்டம்) "கவனம் மேம்படும்" என்றிருந்தால் ஏத்துக்காதீங்க, அதை அளக்க முடியாது. "5 வாய்ப்பில் 4 முறை தானே அட்டை காட்டுவான்" என்று இருக்கணும். யார் சொல்லிக்கொடுப்பாங்க, வாரம் எத்தனை நிமிடம் என்பதும் அதில் இருக்கணும். தெரபியில் பயன்படுத்தும் அதே அட்டை வகுப்பிலும் இருக்கட்டும்.